தமிழில் கேள்விக்குறி

கேள்விக்குறி அல்லது வினாக்குறி (?) என்பது ஒரு வாக்கியம் வினாவாக அமைந்துள்ளதைக் காட்ட அதன் இறுதியில் இடப்படும் நிறுத்தக்குறி ஆகும். தமிழில் இது அச்சு நூல்களின் வழியாகப் பரவிய குறி. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகத் தமிழில் வினாக்கள் எந்தக் குறியும் இல்லாமலேயே எழுதப்பட்டன. படித்தவர்களுக்குப் பொருளும் விளங்கியது. சொல்லின் முதலிலோ இறுதியிலோ நிற்கும் ஓர் எழுத்தே வினாவைத் தெரிவித்துவிடுவதுதான் இதற்குக் காரணம்.

இதனாலேயே தமிழில் கேள்விக்குறி இடுவதில் இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. வினாச்சொல் கண்ணில் பட்டதும் வாக்கியம் வினாவாக இல்லாவிட்டாலும் குறியை இட்டுவிடுவது ஒன்று. வினாச்சொல்லே இல்லாமல் குரலால் மட்டும் கேட்கப்படும் வினாவில் குறியை விட்டுவிடுவது மற்றொன்று. வாக்கியத்தில் வினாச்சொல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, முழு வாக்கியமும் யாரிடமாவது விடையை எதிர்பார்க்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி. இக்கட்டுரையில் அவ்வழி தஞ்சாவூர், காவிரிப் படுகை வாழ்க்கையிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகிறது.

வினா எழுத்துகள்

தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றை வினா எழுத்துகளாகக் கூறுகிறது. பிற்கால இலக்கண நூலான நன்னூல் எ, யா, ஆ, ஓ, ஏ என ஐந்தாகக் கொள்கிறது. இவற்றுள் எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும் (எவன், எங்கே, யார், யாது). ஆ, ஓ இரண்டும் சொல்லின் இறுதியில் வரும் (வருவானா, அவனோ). ஏ இரண்டு இடங்களிலும் வரும் (ஏன், நீதானே).

யார், எவன் போன்ற சொற்களில் வினா எழுத்தை நீக்கினால் எஞ்சியதற்குப் பொருள் இல்லை. இது அகவினா. வந்தானா, அவனோ போன்றவற்றில் ஆ, ஓ நீங்கினாலும் வந்தான், அவன் என்று பொருள் தரும் சொல் எஞ்சும். இது புறவினா. கேள்விக்குறியைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் நேர் வினாவாக நின்றால் குறி பெறும்.

ஓலைச்சுவடிகளில் வினா

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படும் தமிழ் ஓலைச்சுவடிகளைப் போன்ற பழைய ஏடுகளில் கேள்விக்குறியைக் காண முடியாது. கால்புள்ளி முதலிய இன்றைய நிறுத்தக்குறிகளும் இல்லை. சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. 1010-இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் எழுத்துகள் தொடர்ச்சியாகவே பொறிக்கப்பட்டுள்ளன. எங்கே சொல் பிரிகிறது, எங்கே வாக்கியம் முடிகிறது, எது வினா என்பதையெல்லாம் படிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு கூடுதல் இடர்ப்பாடும் இருந்தது. ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர, ஒகரக் குறிலுக்கு உரிய புள்ளியும் வைக்கப்படாததால் எ, ஏ இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. ஒ, ஓ இரண்டும் அப்படியே. வினா எழுத்துகளில் மூன்று இவற்றுள் அடங்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நெடிலைத் தனியே காட்டும் இன்றைய வடிவங்களைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) எனக் கூறப்படுகிறது.

அச்சும் உரைநடையும்

காவிரிப் படுகையின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஐரோப்பிய அச்சு முறையோடு அதன் நிறுத்தக்குறிகளும் தமிழருக்கு அறிமுகமாயின. ஆயினும் தமிழ் உரைநடையில் அவை நிலைபெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) குறிப்பிடத்தக்கவர். அவருக்கு ‘நாவலர்’ பட்டம் வழங்கியது காவிரிப் படுகையில் உள்ள திருவாவடுதுறை ஆதீனம் ஆகும் (1849).

பழைய ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்களுக்கு இந்தக் குறிகள் பெரிதும் பயன்பட்டன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டில் தொடர்ந்து ஓடும் எழுத்துகளை அச்சில் சொல்லாகவும் தொடராகவும் பிரித்துத் தருவது பதிப்பாசிரியரின் வேலை. ஒரு தொடருக்குக் கேள்விக்குறி இடுவதும் அத்தகைய முடிவுதான். மூலத்தில் இல்லாத குறியை இடும்போது, ‘இத்தொடர் வினா’ என்ற தம் முடிவையும் அவர் படிப்பவருக்குத் தெரிவித்துவிடுகிறார்.

கேள்விக்குறி இட வேண்டிய இடங்கள்

1. நேர் வினா. விடையை எதிர்பார்த்துக் கேட்கும் வாக்கியத்தின் இறுதியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாகக் கேள்விக்குறி வரும்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா?
நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும்?

நன்னூல் கூறும் ஆறு வகை வினாக்களும் இதில் அடங்கும். அறிவினா: “கல்லணையைக் கட்டிய மன்னர் யார்?” என்று ஆசிரியர் மாணவரைக் கேட்பது. அறியாவினா: “இப்பாடலின் பொருள் என்ன?” என்று மாணவர் ஆசிரியரைக் கேட்பது. ஐயவினா: “வரப்பில் கிடப்பது கயிறா, பாம்பா?” என்று ஐயுற்றுக் கேட்பது. கொளல் வினா: “ஆடுதுறை 36 விதைநெல் இருக்கிறதா?” என்று வாங்குபவர் கடைக்காரரைக் கேட்பது. கொடை வினா: “உனக்குப் பாடநூல் இல்லையா?” என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது. ஏவல் வினா: “மடையை அடைத்துவிட்டு வருகிறாயா?” என்று வேலை ஏவுவது. கடைசி இரண்டிலும் கேட்பவருடைய நோக்கம் கொடுப்பதும் ஏவுவதும் ஆனாலும் வாக்கிய வடிவம் வினாவே. ஆகையால் குறி உண்டு.

2. விடையாக வரும் வினா. “களை எடுப்பாயா?” என்பதற்கு “எடுக்காமல் இருப்பேனா?” என்று விடை சொல்வது ‘வினா எதிர் வினாதல்’ எனப்படும். இந்த விடைக்கும் கேள்விக்குறி இட வேண்டும்.

3. நேர்கூற்றில் வரும் வினா. மேற்கோள் குறிக்குள் வினா முழுமையாக இருந்தால் கேள்விக்குறி மேற்கோளுக்கு உள்ளே வரும். வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடியும்.

“மூட்டைக்கு எவ்வளவு கிடைத்தது?” என்று அப்பா கேட்டார்.

4. உறுதிப்படுத்தக் கேட்கும் வினா. அல்லவா, இல்லையா, தானே என முடியும் தொடர்கள் விடை தெரிந்து கேட்கப்பட்டாலும் வினாக்களே.

குறுவைக்கு இதுதானே பருவம்?

5. அடுத்தடுத்த வினாக்கள். “கயிறா, பாம்பா?” என்று ஒரே வினாவாகக் கொண்டு இறுதியில் மட்டும் குறி இடலாம். “கயிறா? பாம்பா?” என்று தனித்தனி வினாவாகவும் எழுதலாம். பள்ளிப் பாடநூல்களில் இரண்டாவது முறையைக் காணலாம். ஒரே கட்டுரையில் ஏதேனும் ஒரு முறையையே பின்பற்ற வேண்டும்.

6. ஐயத்துக்குரிய செய்தி. ஓர் ஆண்டோ சொல்லோ உறுதியாகத் தெரியாதபோது அதன் அருகில் பிறைக்குறிக்குள் (?) என்று இடுவது பதிப்பாளர்களின் வழக்கம்.

கேள்விக்குறி இடக்கூடாத இடங்கள்

1. அயற்கூற்று வினா. விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே.

தண்ணீர் எப்போது வரும் என்று அப்பா கேட்டார்.
நெல் காய்ந்துவிட்டதா என்று தெரியவில்லை.
யார் தலைமை தாங்குவார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இம்மூன்றிலும் வினா உண்டு. ஆனால் அது ‘என்று’, ‘என்பது’ ஆகியவற்றுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வாக்கியம் முழுவதும் ஒரு செய்தியைத்தான் சொல்கிறது. எனவே முற்றுப்புள்ளியே சரி.

மனு எழுதும்போது இது மிகவும் பயன்படும். “எங்கள் ஊர் வாய்க்கால் எப்போது தூர்வாரப்படும் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்பது வேண்டுகோள். இதன் இறுதியில் கேள்விக்குறி வராது. “எங்கள் ஊர் வாய்க்கால் எப்போது தூர்வாரப்படும்?” என்று நேராகக் கேட்டால் குறி வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘என்று’ என்பதற்குப் பின் வரும் பகுதியே வினாவாக இருந்தால் குறி வேண்டும்: “தண்ணீர் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?” மேலும், முன்னால் உள்ள வினாச்சொல்லே முழு வாக்கியத்தையும் வினாவாக்குவதும் உண்டு: “தண்ணீர் எப்போது வரும் என்று நினைக்கிறீர்கள்?” இங்கே ‘நினைக்கிறீர்கள்’ என்பதில் வினா எழுத்து இல்லை. ஆயினும் கேட்பவர் ஒரு நாளை விடையாக எதிர்பார்க்கிறார். ஆகையால் ‘என்று’ வந்தாலே குறி கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுசெய்யக் கூடாது.

2. வினாப்பொருளை இழந்த வினாச்சொற்கள். உம், ஆவது, ஓ முதலியவை சேரும்போது வினாச்சொல் வேறு பொருள் பெறுகிறது.

யார் வந்தாலும் சாப்பாடு உண்டு.
எங்கும் பச்சைப் பசேல் என்று இருந்தது.
யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள்.
எப்போதாவது ஒரு மழை பெய்யும்.

இவற்றில் எதுவும் விடையை எதிர்பார்க்கவில்லை.

3. வியப்புத் தொடர்கள். “எவ்வளவு பெரிய நந்தி!” என்பது அளவைக் கேட்பது அன்று; வியப்பது. இங்கே வியப்புக்குறியே உரியது.

4. ‘கேள்விக்குறி’ என்ற சொல் வரும் வாக்கியங்கள். “மழை பொய்த்ததால் சம்பா சாகுபடி கேள்விக்குறியாகியுள்ளது” என்பது நாளிதழ்களில் பழகிய தொடர். ஐயத்தைச் சொன்னாலும் இது செய்தி வாக்கியம். முற்றுப்புள்ளியோடு முடியும்.

குறி ஒன்றே பொருளை மாற்றும் இடங்கள்

வினா எழுத்து இருக்கும்போது கேள்விக்குறி விடுபட்டாலும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. “தண்ணீர் வந்துவிட்டதா” என்று எழுதினாலும் அது வினா என்று எவருக்கும் புரியும். ஆனால் சில இடங்களில் எழுத்து உதவாது. குறி மட்டுமே காப்பாற்றும்.

பேச்சுவழக்கில் குரலை உயர்த்தியே வினாவை உணர்த்திவிடுவோம். “சாப்பிட்டாச்சு?”, “தண்ணி வந்தாச்சு?” என்பவற்றில் வினா எழுத்து எதுவும் இல்லை. குறியை நீக்கினால் இரண்டும் செய்திகளாகிவிடும். கதைகளில் உரையாடல் எழுதுபவர்களும் கைப்பேசியில் பேச்சுத் தமிழில் செய்தி அனுப்புபவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

‘தானே’ என்ற சொல்லையும் பார்க்கலாம். “அவர் தானே நாற்று விட்டார்.” இதன் பொருள், பிறர் உதவியின்றி அவரே விட்டார் என்பது. “அவர்தானே நாற்று விட்டார்?” இதன் பொருள், நாற்று விட்டவர் அவர் அல்லவா என்பது. இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்ந்து இருவேறு பொருள்களைத் தருகின்றன.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு இது:

தண்ணீர் எப்போது வரும் என்று அதிகாரி சொன்னார்.
தண்ணீர் எப்போது வரும் என்று அதிகாரி சொன்னார்?

முதல் வாக்கியத்தில் அதிகாரி நாளைச் சொல்லிவிட்டார் என்ற செய்தி இருக்கிறது. இரண்டாவது, அவர் சொன்ன நாள் எது என்று கேட்கிறது. எழுத்துகளில் ஒன்றுகூட மாறவில்லை. பேசும்போது குரல் காட்டிவிடும் வேறுபாட்டை எழுத்தில் குறி ஒன்றுதான் காட்டுகிறது.

தலைப்புச் செய்தியில் கேள்விக்குறி

செய்தித் தலைப்புகளில் வினைமுற்றைச் சுருக்கிப் பெயர்ச்சொல்லில் முடிப்பது வழக்கம். அப்போது வினா எழுத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. முழுப் பொறுப்பும் கேள்விக்குறியின் மேல் விழுகிறது.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பு
ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பு?

முதலாவது முடிவான செய்தி. இரண்டாவது எதிர்பார்ப்பு மட்டுமே. காவிரிப் படுகையில் இந்த வேறுபாடு சிறியதன்று. 120 அடி முழுக் கொள்ளளவு மட்டம் கொண்ட மேட்டூர் அணை (1934) குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து அந்த நாள் மாறும். 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூன் 12 கடந்தும் திறக்கப்படவில்லை. ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. ஆற்று நீரையே நம்பி இருப்பவர், அந்த நாளை வைத்துத்தான் நாற்றங்காலில் எப்போது விதை விடுவது, குறுவை வைப்பதா, அதை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று கணக்குப் போடுகிறார்.

ஒரு தலைப்பைப் பிறருக்கு அனுப்பும்போது கடைசியில் இருந்த கேள்விக்குறி விடுபட்டால், ஊகமாக எழுதப்பட்டது உறுதியான செய்தியாக ஊர் முழுவதும் பரவிவிடும். நாளிதழ்த் தலைப்பைத் தட்டச்சு செய்து அனுப்புபவர் எழுத்துகளைப் போலவே குறியையும் தவறாமல் சேர்க்க வேண்டும். படிப்பவரும் தலைப்பின் கடைசி எழுத்தோடு நின்றுவிடாமல் அதற்கு அடுத்துள்ள குறியையும் பார்க்க வேண்டும்.

தலைப்பு எழுதுபவர் இந்தப் பொருள் மயக்கத்தைத் தவிர்க்க எளிய வழி உண்டு. “திறப்பு?” என்பதற்குப் பதிலாக “திறக்கப்படுமா?” என்று எழுதினால் வினா எழுத்தும் குறியும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். ஒன்று விடுபட்டாலும் மற்றொன்று பொருளைக் காக்கும்.

பிற மொழிகளில்

கேள்விக்குறியின் தொடக்க வடிவம் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய இலத்தீன் கையெழுத்துப் படிகளில் காணப்படுகிறது. இன்று மொழிக்கு மொழி அதன் வடிவமும் இடமும் மாறுபடுகின்றன. கிரேக்க மொழியில் அரைப்புள்ளி வடிவமே கேள்விக்குறியாகப் பயன்படுகிறது. வலமிருந்து இடமாக எழுதும் அரபு, உருது மொழிகளில் குறி இடவலம் திரும்பி இருக்கும். ஸ்பானிய மொழியில் வினாவின் தொடக்கத்தில் தலைகீழான குறியும் இறுதியில் வழக்கமான குறியும் இடப்படும்.

தமிழோடு ஒப்பிட ஏற்றது சீன மொழி. சீனத்திலும் பழைய நூல்களில் கேள்விக்குறி இல்லை. வினாவை உணர்த்தத் தொடரின் இறுதியில் வரும் தனிச்சொற்கள் இருந்தன. இன்றைய சீனத்திலும் ஒரு செய்தி வாக்கியத்தின் இறுதியில் ‘மா’ என்ற சொல்லைச் சேர்த்தால் அது ஆம், இல்லை என விடை தரும் வினாவாகிறது. தமிழில் ‘ஆ’ செய்யும் வேலையைப் போன்றது இது. ஹூ ஷி முதலிய அறிஞர்கள் 1919-இல் முன்வைத்த திட்டத்தை ஏற்று, 1920-இல் சீனக் கல்வி அமைச்சகம் கேள்விக்குறி உள்ளிட்ட புதிய நிறுத்தக்குறிகளை அறிவித்தது.

சீனத்தில் கேள்விக்குறி இடும் விதிகளும் தமிழ் கற்பவருக்குப் பழகியவையாகவே தோன்றும். நேர் வினாவுக்குக் குறி உண்டு. ‘அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது’ என்பது போன்ற வாக்கியத்துக்குக் குறி இல்லை. ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் வினாவில் பொதுவாக இடையில் கால்புள்ளியும் இறுதியில் மட்டும் கேள்விக்குறியும் வரும். வடிவத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. சீனக் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு உரிய முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் அதற்குத் தனிக் குறியீடும் உண்டு. தமிழில் ஆங்கிலத்துக்கு உரிய அதே குறியே பயன்படுகிறது.

தட்டச்சு செய்யும்போது

கேள்விக்குறிக்கும் அதற்கு முன் உள்ள சொல்லுக்கும் இடையே இடைவெளி விடக் கூடாது. விட்டால், வரி மடியும்போது குறி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியே போய் நிற்கும். குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட வேண்டும். கேள்விக்குறியோடு முற்றுப்புள்ளியைச் சேர்த்து இடக் கூடாது. வினாவை அழுத்திக் காட்ட இரண்டு, மூன்று கேள்விக்குறிகளை இடுவதைக் கட்டுரைகளிலும் கடிதங்களிலும் தவிர்க்க வேண்டும்; ஒன்றே போதும்.

ஐயம் வந்தால் சரிபார்க்கும் முறை

எழுதிய வாக்கியத்தை எதிரில் ஒருவர் இருப்பதாக எண்ணி வாய்விட்டுப் படிக்கவும். படித்து முடித்ததும் அவர் விடை சொல்ல வேண்டுமா என்று பார்க்கவும். விடை சொல்ல வேண்டும் என்றால் கேள்விக்குறி. வினா வடிவிலேயே வரும் விடைக்கும் கேள்விக்குறி. செய்தியைக் கேட்டுக்கொண்டால் போதும் என்றால் முற்றுப்புள்ளி. வியப்பு என்றால் வியப்புக்குறி.

பயிற்சிக்குச் சில வாக்கியங்கள் இங்கே குறி இல்லாமல் தரப்படுகின்றன. மாணவர்கள் தாமே குறி இட்டுப் பார்க்கலாம்.

அறுவடை முடிந்ததா என்று மாமா விசாரித்தார்
அறுவடை முடிந்ததா என்று மாமா விசாரித்தாரா
யார் கேட்டாலும் நிலத்தை விற்க மாட்டேன்
எந்த ரகம் நல்ல விளைச்சல் தரும் என்று நினைக்கிறாய்
என்ன வெயில்

விடை: முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் முற்றுப்புள்ளி. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் கேள்விக்குறி. ஐந்தாவதுக்கு வியப்புக்குறி.